ஆமையின் காருக்கு அலாரம் வைத்த கதை

ஒரு காட்டில், மூங்கில் தெரு என்று கார் நிறுத்த இடமே இல்லாத ஒரு தெரு இருந்தது. அந்தத் தெருவிலேயே ஒரே ஒரு கார்தான். அதை வைத்திருந்தது சதாசிவம் என்கிற ஆமை.

ஆமைக்கு எதற்குக் கார் என்று கேட்பீர்கள். ஆமைக்குத்தான் கார் வேண்டும், சிறுத்தைக்கு எதற்கு? சதாசிவத்தின் ஒரே தங்கை கோமளாவைக் காட்டின் தெற்குக் கோடியில், ஏரிக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நடந்து போனால் நான்கு மாதம் ஆகும். சதாசிவத்தின் ஆபீசில் வருடத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் லீவு. ஆகவே அண்ணனும் தங்கையும் பதினாறு வருடம் பார்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் சதாசிவம் ஒரு பழைய சாம்பல் நிறக் காரை வாங்கியது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் கோமளா வீட்டில் இருக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தாமரைத் தண்டு தின்னும். அதிகம் பேசாது. அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி ஆறு நாளும் சதாசிவம் உயிரோடு இருந்தது.

வீட்டை முதுகிலேயே வைத்துக்கொண்டு பிறந்த பிராணி. பூட்டு என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. இப்போது முதல் முறையாக, ஓட்டுக்கு வெளியே சொத்து என்று ஒன்று நிற்கிறது. சதாசிவத்துக்குச் சோறு இறங்கவில்லை. நேரே ஜெபராஜ் கடைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனது.

ஜெபராஜ் ஒரு குரங்கு, கார் சாமான் கடை வைத்திருந்தது. அது பானெட்டைத் திறந்து, உள்ளே இருந்த வயரையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டு, ஒரு சிவப்பு வயரை வாயில் கவ்வியபடி ஒரு மணி நேரம் வேலை செய்தது. மூடியபோது இரண்டு ஸ்க்ரூ தரையில் கிடந்தன.

"ரெண்டு ஸ்க்ரூ மிச்சமாயிருக்கே தம்பி?" என்றது ஆமை.

"கம்பெனிக்காரன் எப்பவுமே ரெண்டு கூடப் போட்டிருப்பான் சார். இங்க பாருங்க, யாராவது கதவைத் தொட்டா கத்தும். தரை அதிர்ந்தாலும் கத்தும். கத்திக்கிட்டு இருக்கற வரைக்கும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. ரிமோட்ல இந்தப் பட்டனை அமுக்கினாத்தான் சத்தமும் நிக்கும், வண்டியும் கிளம்பும். ரெண்டு ரிமோட் இருக்கு. சென்சாரை எவ்வளவு வைக்கட்டும்?"

"நீங்க எவ்வளவு வைப்பீங்க?"

"எல்லாருக்கும் ஃபுல்லாதான் வைப்பேன். ஒரு வாரம் கழிச்சுக் கொறைக்கச் சொல்லி வருவாங்க."

அந்தத் தெருவின் தண்ணீர் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். காட்டு நிர்வாகம் ஒரு யானையின் முதுகில் தொட்டி கட்டி இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தது. யானையின் பாதம் மெத்தை மாதிரி. வருவது யாருக்கும் கேட்காது. குரல் கொடுக்க அதற்கு உத்தரவும் இல்லை. தெருமுனையில் பத்து நிமிஷம் நிற்கும், யாரும் வராததைப் பார்த்துவிட்டு, 'தண்ணீர் வழங்கப்பட்டது' என்று நோட்டில் கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விடும். தெருவில் எல்லாரும் நாக்கு வறண்டு கிடந்தார்கள். இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அலாரம் வைத்த மறுநாள் காலை யானை வந்தது. யார் காதுக்கும் கேட்காத அந்த நடை அலாரத்துக்குக் கேட்டது. கார் ஊளையிட்டது. திட்டுவதற்காகத் தெருவே வெளியில் ஓடி வந்தது. வந்து பார்த்தால் முனையில் தண்ணீர்! திட்ட வந்த வாயெல்லாம் அப்படியே மூடிக்கொண்டு குடம் எடுக்கத் திரும்பி ஓடின.

ஒரு வாரம் கழித்து சென்சாரைக் குறைக்க ஆமை கிளம்பியது. வழியில் தெருவே நின்றது. முன்னால் செங்கமலம் என்கிற எருமை.

"அண்ணே, கொறைக்கப் போறீங்களாமே?"

"பேட்டரி போயிடும்மா. காது வேற..."

"உங்களுக்குப் பேட்டரி பெரிசா, எங்க புள்ளைங்க பெரிசா?"

சதாசிவம் திரும்பிவிட்டது. அடுத்த வாரம் இன்னொரு குறை வந்தது. ஆமை உடனே ரிமோட்டை அமுக்கிவிடுவதால் கடைசி வீடுகளுக்குச் சத்தம் எட்டவில்லையாம். ஆகவே இரண்டாவது ரிமோட் செங்கமலத்திடம் போனது. தெருவில் மொத்தம் இருபத்தெட்டுக் குடும்பம், குடும்பத்துக்கு ஒரு குடம். இருபத்தெட்டாவது குடம் வரிசையில் நின்ற பிறகுதான் அலாரத்தை நிறுத்த வேண்டும், அதையும் செங்கமலம்தான் நிறுத்த வேண்டும் என்று விதி எழுதினார்கள். இருபத்தெட்டாவது குடம் எப்போதும் ஆமையுடையது. சதாசிவத்துக்கு இதெல்லாம் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. போகிற வருகிறவர்கள் வணக்கம் வைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நரி வந்தது. கம்பியை விட்டுக் கார்க் கதவைத் திறந்தது. அலாரம் அலறியது. நரி உள்ளே உட்கார்ந்து இரண்டு வயரை உரசிப் பார்த்தது, வண்டி கிளம்பவில்லை. ஜெபராஜ் சொன்னது அத்தனையும் சரியாக வேலை செய்தது.

தெருவில் எல்லாக் கதவும் திறந்தன. இருபத்தேழு குடும்பமும் காரை நோக்கி ஓடி வந்தன. நரி கதை முடிந்தது என்று இரண்டு கையையும் தூக்கியது.

"தம்பி, வண்டிய எடுங்க. யானை வர்ற வழி" என்றது முள்ளம்பன்றி.

"ஸ்டார்ட் ஆகலைங்க" என்றது நரி. அதன் வாழ்க்கையிலேயே அது சொன்ன உண்மை அநேகமாக அது ஒன்றுதான்.

"அதுக்கென்ன? உக்காருங்க, தள்ளி விடறோம்."

நம் பக்கத்தில் நின்றுபோன காரைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. யார் கார், யார் உள்ளே இருப்பது என்று கேட்கிற பழக்கமெல்லாம் கிடையாது. குடங்களைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் முதுகைக் கொடுத்தார்கள். "ஏய், ஒண்ணா தள்ளுங்கப்பா!" என்று ஒரு காட்டுப்பன்றி கத்தியது. "தம்பி, செகண்ட் கியர்ல போடுங்க!" என்று இதுவரை காரில் ஏறியே இராத முயல் யோசனை சொன்னது. அலறுகிற காரைப் புளியமரத் திருப்பம் வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு, திரும்பி ஓடி வந்து வரிசையில் நின்றார்கள்.

செங்கமலம் குடங்களை எண்ணியது. இருபத்தேழு. தூரத்தில் சதாசிவம் தன் சின்னக் குடத்தை உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அலாரம் என்றால் தண்ணீர் என்றுதான் இப்போது அதற்கும் பழகியிருந்தது. வந்து வரிசையின் கடைசியில் நின்றது.

"அண்ணன் வந்தாச்சு" என்று செங்கமலம் ரிமோட்டை அமுக்கியது.

சத்தம் நின்றது. இன்ஜின் விடுபட்டது. புளியமரத்தடியில் கார் உறுமிக் கிளம்பியது. நரி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நன்றி சொல்லி ஆட்டியது. தெருவே பதிலுக்குக் கையசைத்தது. ஆமையும் ஒரு காலைத் தூக்கிக் காட்டியது.

"யாரும்மா அது?"

"யாரோ தம்பிண்ணே. வண்டி நின்னு போச்சு. தள்ளி விட்டோம்."

"நல்ல காரியம்" என்றது ஆமை. பிறகுதான் தன் கார் நிற்கிற இடத்தைப் பார்த்தது. அங்கே கார் இல்லை.

சதாசிவம் அழுதது. ஆமை அழுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பார்க்காமல் இருப்பதே நல்லது. முள்ளம்பன்றி அருகில் வந்து, "தண்ணி எப்படியும் வந்துரும்ணே, அழாதீங்க" என்று தேற்றியது.

காவல் நிலையத்தில் கரடி இன்ஸ்பெக்டர் பொறுமையாகவே விசாரித்தது.

"அலாரம் அடிச்சுதா?"

"அடிச்சுதுங்கய்யா."

"ஜனங்க வந்தாங்களா?"

"மொத்தத் தெருவும் வந்துச்சுங்கய்யா."

"அப்புறம் என்னதான்யா உன் புகார்?"

சதாசிவம் வீடு திரும்பி, தலையையும் நான்கு காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

தெரு அவசரமாகக் கூடியது. கார் போனது பற்றியல்ல, அலாரம் போனது பற்றி. புது அலாரம் வாங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். எதில் பொருத்துவது? உறுதியாக இருக்க வேண்டும், தெருவை விட்டு நகரக் கூடாது. எல்லாரும் சதாசிவத்தைப் பார்த்தார்கள். செங்கமலம் ஓட்டைத் தட்டி மூன்று முறை சம்மதம் கேட்டது. உள்ளே இருந்து பதில் வரவில்லை. ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஜெபராஜ் வந்து ஓட்டில் துளை போட்டு அலாரத்தை இறுக்கியது, சென்சாரை ஃபுல்லாக வைத்தது. ரிமோட் செங்கமலத்திடம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆமை தலையை வெளியே நீட்டியது. தெற்கே பார்த்து நடக்க ஆரம்பித்தது. பதினோரு அடி போவதற்குள் தெரு வந்து மறித்தது.

"எங்கண்ணே?"

"கோமளாவைப் பாக்க."

"எப்ப வருவீங்க?"

"போக நாலு மாசம், வர நாலு மாசம்மா."

"அதுவரைக்கும் தண்ணி வர்றது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

பேசிப் பயனில்லை என்று, மரியாதையாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். முயலும் முள்ளம்பன்றியும் இரண்டு பக்கமும் கையை வைத்தன. அலாரம் அலறியது. அவ்வளவுதான், அண்ணனை அப்படியே தரையில் விட்டுவிட்டு எல்லாரும் குடம் எடுக்க ஓடினார்கள்.

தெருமுனையில் வரிசை நின்றது. செங்கமலம் எண்ணியது. இருபத்தேழு.

"அண்ணன் வரட்டும்" என்றது செங்கமலம், ரிமோட்டைப் பிடித்தபடி. விதி என்றால் விதிதான். யாரும் வரிசையை விட்டு அசையவில்லை, அலாரமும் நிற்கவில்லை. ஆமை நடந்துகொண்டே இருந்தது. சத்தம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே தேய்ந்தது.

நான்காவது மாதம், ஏரிக்கரையில் கோமளாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஏரிக்கரையில் தண்ணீருக்கு என்ன குறை? அதனால் அது குடம் எதையும் தேடாமல், சத்தம் போடுவது யார் என்று பார்க்க எழுந்து வந்தது.

நீதி: தண்ணீர் வராத தெருவில் காருக்கு அலாரம் வைக்காதீர்கள். வைத்தே தீர வேண்டுமென்றால் உங்கள் முதுகில் வைத்துக்கொள்ளுங்கள், நீங்களாவது போய்ச் சேருவீர்கள்.