தண்டவாளத்தில் இரண்டு பூசணிக்காய்

கிள்ளானில் லோரிப் பட்டறை, பெட்டாலிங் ஜெயாவில் இரட்டை மாடி வீடு, செமினி அம்மன் கோயிலுக்குச் சுற்றுச்சுவர். எல்லாம் இந்த வீரையா கட்டியது. படிப்பு மூன்றாம் வகுப்பு. (அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றேன்.) ஓடவே ஓடாது என்று கைவிட்ட லோரிகளை ஓட வைத்தவன் நான். அப்படிப்பட்ட நான், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ரயிலை நிற்க வைத்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

என் மகள் கவிதாவுக்கு ரயில் பைத்தியம். கிள்ளானுக்கு வெளியே ஒரு பழைய கிளைப் பாதையில், அவளும் கூட்டாளிகளும் ஞாயிறுதோறும் கிரீஸில் குளித்து, என்னைவிடக் கொஞ்சமே இளைய ஒரு டீசல் எஞ்சினுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போன வருடம் சோதனை ஓட்டம். இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு மேடு ஏறி மறுமுனைக்குப் போக வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். போய்ச் சேர்ந்தால் பாதை இவர்களுக்கு. இல்லையென்றால் எஞ்சின் பழைய இரும்புக் கடைக்கு.

"அப்பா, நீங்க சும்மா பாத்தா போதும். ஒண்ணும் செய்யக் கூடாது, ஓகே?"

"நான் என்னம்மா செய்யப் போறேன்?" என்றேன். என் காரின் பின்பெட்டியில் இரண்டு பூசணிக்காய் இருந்தன.

என் பட்டறையை விட்டு எந்த வண்டியும் திருஷ்டி கழிக்காமல் ரோட்டுக்குப் போனதில்லை. இந்த எஞ்சினுக்கு ஓர் எலுமிச்சம்பழம்கூட யாரும் வைக்கவில்லை. அதுவும் நாற்பது கேமராக்கள் கண் வைக்கும் நாளில்! எல்லாரும் எஞ்சின் கொட்டகையில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடு தொடங்கும் இடத்துக்கு நடந்தேன். (கண்டம் அங்கேதான் என்று என் அனுபவம் சொன்னது.) குங்குமம் தடவி, மூன்று சுற்றுச் சுற்றி, இந்தத் தண்டவாளத்தில் ஒன்று, அந்தத் தண்டவாளத்தில் ஒன்று என்று உடைத்தேன். குறி தப்பவில்லை.

பிறகு எஞ்சின் கிளம்பியது பாருங்கள்! முதலில் ஓர் இருமல். அப்புறம் கரும்புகை. அப்புறம் என் நெஞ்சுக்கூடே அதிர்கிற மாதிரி ஓர் உறுமல். நாற்பது வருடமாக எஞ்சின் சத்தத்தில் வாழ்கிறவன், சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, வந்தது, மேட்டின் அடியில் நின்றது. சக்கரங்கள் மட்டும் அதே இடத்தில் சுற்றின.

ஓட்டுநர் ஜமால் அண்ணன் கீழே இறங்கிப் பார்த்தார். "யாரு லா இங்க சாம்பார் வச்சது?"

"திருஷ்டிண்ணே..." என்றேன். "லோரிக்கு எப்பவும் இப்படித்தான் உடைப்போம்."

"முதலாளி, லோரிக்கு ஸ்டீரிங் இருக்கு, ஒடிச்சிட்டுப் போயிடலாம். நான் இதை எங்க ஒடிக்கிறது?"

கவிதா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என்னைப் பார்த்தாள், எஞ்சினைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. நிலத்துக்காரர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வண்டிய பின்னால எடுங்கண்ணே!" என்று கத்திவிட்டு, வேட்டியை அவிழ்த்தேன். (உள்ளே சிவப்புக் கால்சட்டை. கடவுள் இருக்கிறார்.) தண்டவாளத்தில் மண்டியிட்டு, சரிகை கிழியக் கிழியத் துடைத்தேன். கவிதா கொட்டகைக்கு ஓடி, தீயணைக்க வைத்திருந்த மணல் வாளியைக் கொண்டுவந்தாள். ஆளுக்கொரு பக்கமாகத் தூவினோம். ஜமால் அண்ணன் ஹாரன் அடித்தார். சக்கரம் ஒரு தரம் வழுக்கி, மணலைப் பிடித்து, ஏறியது! இரண்டு பெட்டிகளும் பின்னாலேயே ஏறின. நான் கால்சட்டையோடு குதித்தேன். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

இன்றும் எங்கள் வீட்டில் கார் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் என் மனைவி சரோஜா சொல்வாள்: "என்னங்க, வேட்டிய அவுருங்க."

அது போகட்டும். பாதை கிடைத்த சந்தோஷத்தில், கொட்டகையில் அன்றைய படத்தைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் நன்றிப் பலகை. தே தாரிக் டீ கலக்கியவர் பெயர்கூட அதில் இருக்கிறது. படத்தில் மண்டியிட்டிருக்கும் எனக்குக் கீழே போட்டிருப்பது 'துப்புரவுப் பணியாளர்'. கவிதாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், அதை மாற்ற வேண்டும். கோயில் டியூப் லைட்டுக்கே உபயக்காரர் பெயர் எழுதுகிற ஊர் இது. தெளிவாக எழுதுங்கள்: பூசணிக்காய் இரண்டு, பட்டு வேட்டி ஒன்று. உபயம், கிள்ளான் லோரிப் பட்டறை வீரையா.