மூன்று நாள் வராதவருக்குப் பாதி விலை

கோட்டையில் ஈ காக்காய் இல்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆறாயிரம் பேராவது கத்தியும் கேடயமுமாக வெட்டிக்கொண்டு கிடக்க வேண்டிய இடம். திருவாளர் அரைவிலை தன் கம்ப்யூட்டர் திரையை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். குதிரைகள் மட்டும் தேமே என்று நின்றன.

அரைவிலை என்பது ஆபீஸ் வைத்த பெயர். அந்த ஆன்லைன் விளையாட்டுக்குள் விற்கிற வாள், கவசம், குதிரைக்கெல்லாம் எப்போது, எவ்வளவு தள்ளுபடி என்று முடிவு செய்வது அவர் வேலை. சேர்ந்து ஆறு மாதம் புதன்கிழமையோடு முடிகிறது. அன்றைக்குத்தான் வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்று முதலாளி சொல்வார். மனைவியிடமோ மனுஷர் நிரந்தரமாகிவிட்டதாகப் போன மாதமே அளந்துவிட்டிருந்தார்.

எல்லாம் நல்ல எண்ணத்தில் ஆரம்பித்ததுதான். மூன்று நாள் விளையாட வராதவர்களுக்கு, "உங்கள் குதிரை உங்களைத் தேடுகிறது, வந்தால் எல்லாம் பாதி விலை" என்று செய்தி அனுப்பினார். முதல் வாரம் விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று. முதலாளியே தோளில் தட்டி, "பலே" என்றார்.

இரண்டாவது வாரம் விஷயம் கசிந்தது. மூன்று நாள் மட்டம் போட்டால் பாதி விலையாமே! ஊரே மட்டம் போட்டது.

"மூணு நாளை ஏழு நாளாக்கிடுறேன் சார். ஏழு நாள் எவன் சார் விளையாடாம இருப்பான்? கை நடுங்கிடும்."

இருந்தார்கள். ஏழு நாளும்.

"தள்ளுபடியையே தூக்குய்யா!" என்றார் முதலாளி.

தூக்கினார். தூக்கினால் இதைவிடப் பெரிய தள்ளுபடி வரப்போகிறது என்று அர்த்தமாம். மிச்சம் மீதி இருந்தவர்களும் காத்திருக்கக் கிளம்பிவிட்டார்கள். பதறிப்போய், "இனி எந்தக் காலத்திலும் தள்ளுபடி கிடையாது" என்று கொட்டை எழுத்தில் அறிவித்தார். இவ்வளவு அடித்துச் சொன்னால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தமாம். அதன் பலன்தான் இந்தத் திங்கட்கிழமை.

பதினொரு மணிக்கு முதலாளி கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு ராஜினாமாக் கடிதம், டைப் அடித்துத் தயாராக இருந்தது.

"புதன்கிழமை வரைக்கும் எதுக்குய்யா? கையெழுத்துப் போடு."

"ஆளுங்களைத் திரும்பக் கூட்டிட்டு வரத்தான் சார் பார்த்தேன்."

"இருந்தவனையும்ல விரட்டிட்டே!"

அரைவிலைக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? பேனாவைத் திறந்தார்.

அப்போது வரவேற்பறைப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், கீழ அம்பது அறுபது லேடீஸ் வந்து நிக்கிறாங்க."

"யாரும்மா? சண்டைக்கா?"

"நம்ம விளையாட்டை ஆடுறவங்களோட வீட்டுக்காரம்மாங்க சார். அந்த ஏழு நாள் சலுகையை எதுக்கு எடுத்தீங்கன்னு கேக்குறாங்க. நிஜமாவே தள்ளுபடி இல்லேன்னு தெரிஞ்சா திரும்ப ஆட உக்காந்துடுவாங்களாம். அந்த ஏழு நாளும் வீட்டுக்காரங்க மனுஷங்களா இருந்தாங்களாம். முப்பது நாளாக்குங்க, மாசாமாசம் பணம் நாங்களே கட்டிடுறோம்கிறாங்க."

முதலாளி கடிதத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வரிசைல முதல்ல நிக்கிறது யாரு? மரியாதையா மேல கூட்டிட்டு வாம்மா."

அந்தப் பெண் முதலாளியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள்.

"உங்க வீட்டம்மாதான் சார். மத்தவங்க எல்லாரும் நிறுத்திட்டாங்களாம், நீங்க ஒருத்தர்தான் இன்னும் ராத்திரியெல்லாம் ஆடிட்டு இருக்கீங்களாம்."