காரணம்: அந்தரங்கம்

சிவகாசியில் சொந்தமாக ஒரு ரகசியம் வைத்துக்கொண்டு வாழும் ஒரே மனிதர் அந்தரங்கம் அண்ணாச்சிதான். என்ன ரகசியம் என்று கேட்காதீர்கள். அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. ஆனால் பத்திரமாக வைத்திருக்கிறார்.

நான் பிழை திருத்திக்கொண்டிருந்த காலண்டர் பிரஸ்ஸில் அவர் பேப்பர் வெட்டும் மிஷினில் இருந்தார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதைச் செய்தித்தாளில் படித்த நாளிலிருந்து ஆளே மாறிவிட்டார்; அதுவே அவருக்குப் பட்டப்பெயரும் ஆகிவிட்டது. பல்பொடி வாங்கப் போன இடத்தில் பில் போடுகிறவர் போன் நம்பர் கேட்டார்.

"பல்லு வெளக்கப்போறது நானு. போனுக்கு எதுக்குய்யா பல்பொடி?"

"நம்பர் போட்டாத்தான் பில்லு வரும், அண்ணாச்சி."

கடை போர்டில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து அந்தக் கடையின் சலுகைச் செய்தியெல்லாம் கடை முதலாளிக்கே போனது.

சிக்கல் அந்தச் சொல்லில்தான். எங்கள் பக்கம் 'அந்தரங்கம்' என்றால், லாட்ஜுக்கு மாதமொருமுறை வந்துபோகும் வைத்தியர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ்தான் நினைவுக்கு வரும். டீக்கடையில் அண்ணாச்சி, "என் அந்தரங்கத்துல எவனும் கை வைக்கக் கூடாதுலே!" என்று முழங்கியபோது, பக்கத்தில் இருந்தவர் கிளாஸோடு எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

பைண்டிங்கில் செல்வி என்று ஒரு பெண். உண்மைப் பெயர் அதுவல்ல. லீவு கேட்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பினார். 'இப்படி ஆதாரத்தோட லீவு கேக்கணும்' என்று எழுதி, சூப்பர்வைசர் அதைக் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். டிரைவர் முதல் லோடுமேன் வரை பார்த்தார்கள்; அண்ணாச்சி மட்டும் அதைத் திறக்கவே இல்லை. "இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்கன வர? வேலையே வேண்டாம்" என்று செல்வி சொல்லியனுப்பினார்.

அண்ணாச்சிக்கு டிரைவர் ஒரு யோசனை சொன்னார்: "சூப்பர்வைசருக்கு ஆபரேஷன் நடந்தப்ப நீங்கதான கூடப் போனீக? ஒடம்புல எங்கன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, குரூப்ல போட்டுருவோம்."

"ஏலே, அது அவரு அந்தரங்கம்லே!"

மறுநாள் காலை அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். "எனக்கு லீவு வேணும்."

"காரணம்?" என்றார் சூப்பர்வைசர்.

"அந்தரங்கம்."

சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் பைண்டிங் பெண்கள் ஒவ்வொருவராகக் குரூப்பில் போட ஆரம்பித்தார்கள்: 'லீவு. காரணம்: அந்தரங்கம்.' பிறகு மிஷின்மேன்கள். பிறகு நான். அதுவோ காலண்டர் சீசன்.

மத்தியானத்துக்குள் செய்தி விருதுநகர் போய்விட்டது. ஆர்டர் கொடுத்திருந்த பருப்பு வியாபாரி எங்கள் முதலாளியைப் போனில் பிடித்தார்: "என்ன அண்ணாச்சி, உங்க பிரஸ்ல அம்புட்டுப் பேருக்கும் அந்தரங்க வியாதியாமே? காலண்டரத் தொடலாமா?"

முதலாளி பறந்து வந்தார். குரூப்பிலிருந்து ஸ்கேன் படம் நீக்கப்பட்டது. ஒவ்வொருவர் போனிலிருந்தும் தன் கண் முன்னால் அழிக்கச் சொன்னார். லீவுக்குக் காரணம் கேட்கும் வழக்கமும் அன்றோடு ஒழிந்தது. சூப்பர்வைசர், செல்வி வீட்டு வாசலுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

திங்கட்கிழமை செல்வி வந்தபோது எல்லோரும் குனிந்து வேலை பார்ப்பதுபோல் நடித்தோம். அண்ணாச்சி மட்டும் நிமிர்ந்து, "சாப்ட்டியாம்மா?" என்றார். அது என்ன ஸ்கேன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதும் இல்லை.

இதை எழுதட்டுமா என்று போன வாரம் அவரிடம் கேட்டேன். "எழுதிக்கோ. பேரு மட்டும் போடாத" என்றார்.

போடவில்லை. ஆனால் தினமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என் மகனைச் சாப்பிடக் கூப்பிடுகிறேன்.