பெருக்கியதைப் பத்திரப்படுத்துகிறவர்

குப்பை போடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். பெருக்குகிறவர்களையும் தெரியும். மூன்றாவதாக ஒரு பிறவி உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பெருக்கிய குப்பையை மூட்டை கட்டி, மூட்டைக்குப் பெயர் எழுதி, அதே வீட்டின் மூலையில் அடுக்கிவிட்டு, "வீடு ஏன் இப்படி நெருக்குகிறது, எவன் இவ்வளவையும் சேர்த்து வைத்தது?" என்று ஊரைக் கூட்டுகிறவர். அவருடைய மந்திரம் இரண்டே சொல்: "எதுக்கும் இருக்கட்டும்."

இவர் இல்லாத அலுவலகம் கிடையாது. டாஸ்மேனியாத் தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் எங்கள் கூட்டுறவுப் பால் ஆலையில் அவருக்குப் பெயர் க்ளைவ் ஹிங்ஸ்டன். கம்ப்யூட்டர் அறைக்கு இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் ராஜா. எந்த டேங்கர் லாரி எந்தப் பண்ணைக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்ற பட்டியல் அந்த அறையிலிருந்துதான் வர வேண்டும். டிஸ்க் நிரம்பிவிட்டால் பட்டியல் வராது. பட்டியல் வராவிட்டால் லாரி போகாது. மாடு என்னவோ டிஸ்க்கைப் பார்த்துவிட்டா பால் கொடுக்கிறது?

ஆகவே க்ளைவ் தினமும் காலையில் மழைக்கோட்டைக் கழற்றும் முன்பே, டிஸ்க் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்து முகம் சுளிப்பார். செப்டம்பர் முதல் வாரம் எண்பத்தெட்டு. எங்கள் பக்கம் அதுதான் வசந்தம்; புல் தழைத்து, மாடுகள் கன்று போட்டு, பால் பெருக்கெடுக்கிற காலம். க்ளைவ் போர் தொடுத்தார். "வேண்டாததை உடனே அழியுங்கள், இடம் இல்லை" என்று ஒரு சுற்றறிக்கை எழுதி, பொருத்தமாக இருக்கட்டுமே என்று தன் வீட்டுக் குப்பைத்தொட்டியை எட்டுக் கோணத்தில் படம்பிடித்து, விளம்பரப் பலகைக்கு ஆகும் அளவில் இணைத்து, இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினார். ஆளுக்கொரு பிரதி, எல்லாம் அதே டிஸ்க்கில்.

எண்பத்தொன்பது.

பிறகு மேஜை மேஜையாக வேட்டை. இதில்தான் இந்தப் பிறவிக்கு ஆனந்தம்! அடுத்தவர் அழுக்கைக் கையும் களவுமாகப் பிடிக்கும்போது முகத்தில் என்ன ஒரு தேஜஸ்! லாரிகளை அனுப்பும் பொறுப்பிலிருந்த மோயா பர்ஜெஸ்தான் முதலில் மாட்டினார்.

"இது என்னம்மா மோயா? லாரி ஷெட்ல பார்பிக்யூ போட்டோமே, அந்தப் படம் நானூறு! பதினோரு வருஷமாச்சும்மா!"

"அதுல பாதி உன் மூஞ்சிதான். தாராளமா அழிச்சுக்கோப்பா."

அழித்தார். ஆனால் அதற்கு முன், நாளைக்கே யாராவது வந்து கேட்டால் என்ன செய்வது என்று, மோயாவின் கோப்புகள் அத்தனைக்கும் முழுசாக ஒரு நகல் எடுத்தார். யார் கேட்கப்போகிறார்கள்? ஒருவரும் இல்லை. சரி, ஒருவேளை கேட்டுவிட்டால்? பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு முறை, க்ளைவ் அழித்த கடிதத்தை மறுநாளே ஆலைத் தலைவர் கேட்டு, சபை நடுவில் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். பாவம், அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. நகல்களை டேப்பில் ஏற்றி வெளியே வைக்கலாம்தான். ஆனால் டேப் அலமாரி முற்றத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊர் மழையோ பக்கவாட்டில் பெய்யும். அதனால் நகலும் அதே டிஸ்க்கில். அடுத்த வாரம் வேறொரு பிரிவில் சுத்தம் செய்யும் முன், போன வார நகலையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒரு நகல்.

தொண்ணூற்று நாலு. தொண்ணூற்றேழு. "நான் ஒருத்தன் அள்ளி அள்ளிக் கொட்டுறேன், இவங்க ரொப்பிக்கிட்டே இருக்காங்களே!" என்று க்ளைவ் மனம் நொந்தார். உண்மையாகவே நொந்தார், நடிப்பில்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு டிஸ்க் நூறைத் தொட்டு, எல்லாம் நின்றுவிட்டது. முற்றத்தில் பதினெட்டு டேங்கர்கள். வழி மனப்பாடமாக இருந்த ஆறு லாரிகளை மோயா அனுப்பிவிட்டார். மீதிப் பன்னிரண்டும் இரண்டு மணிக்குள் கிளம்பாவிட்டால், சாயங்காலக் கறவைக்குப் பண்ணைத் தொட்டிகளில் இடமிருக்காது, தொண்ணூறு பண்ணைகளின் பால் புல்வெளியில்தான். வெண்ணெய் திரளும்போதா தாழி உடைய வேண்டும்! மோயா நேராகக் கம்ப்யூட்டர் அறைக்கு வந்து, ஊர்க்கடைசிப் பண்ணைக்காரி நோரீன் லைனில் இருந்த போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"க்ளைவ், என் தொட்டி கழுத்து வரைக்கும் நிக்குது. லாரி வருமா வராதா? ஒரு வார்த்தைல சொல்லு."

"யாரோ இடத்தை அடைச்சு வச்சிருக்காங்க, நோரீன். கண்டுபிடிச்சுட்டே இருக்கேன்."

"ஃபைலையெல்லாம் பெருசுலேர்ந்து வரிசையாக் காட்டச் சொல்லுப்பா," என்றார் மோயா.

இருபத்திரண்டு வருஷத்தில் க்ளைவ் அப்படிக் கேட்டதே இல்லை. திரையில் வரிசை இறங்கியது. சுத்தம். சுத்தம்-2. சுத்தம்-பழசு. சுத்தம்-கடைசி. சுத்தம்-இதுதான்-கடைசி. டிஸ்க்கில் பாதிக்கு மேல் இவைதான். பக்கத்தில் உரிமையாளர் பெயர்: ஹிங்ஸ்டன், ஹிங்ஸ்டன், ஹிங்ஸ்டன்.

மோயாவின் பார்பிக்யூ ஐந்து நகலாக இருந்தது. க்ளைவ் காது வரை சிவந்துபோனார். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

"அழி," என்றார் மோயா.

"அழிச்சுடறேன். அதுக்கு முன்னாடி எதுக்கும் ஒரு காப்பி..."

"க்ளைவ்!" போனிலிருந்து நோரீன் குரல். "நாங்க தொட்டிய தினம் காலி பண்ணிக் கழுவறோம். நேத்துப் பாலை எதுக்கும் இருக்கட்டும்னு வச்சா இன்னிக்குப் பாலும் சேர்ந்து கெட்டுப்போகும். பால் ஆலையில சம்பளம் வாங்கற உனக்கு இதை நான் சொல்லணுமா?"

க்ளைவ் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். கம்ப்யூட்டர் "நிச்சயமாகவா?" என்று கேட்டது. அவரே எழுதிவைத்த கேள்விதான், அதையே நாலு முறை கேட்கும். நாலுக்கும் தாக்குப்பிடித்துவிட்டார். ஐந்தாவதாக "எதற்கும் ஒரு முறை யோசித்துப் பாருங்கள்" என்று வந்ததும் விரல் நின்றுவிட்டது. மோயா எட்டி அழுத்திவிட்டார்.

முப்பத்தெட்டு! ஒன்றரை மணிக்குப் பட்டியல் வந்தது, இரண்டுக்கு முற்றம் காலி. நோரீன் பாலும் ஆலைக்கு வந்து சேர்ந்தது.

க்ளைவ் திருந்தினாரா? மறுநாள் "இடத்தை மீட்டது எப்படி" என்று படங்களோடு நாற்பது பக்க அறிக்கை எழுதி, இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினார். முப்பத்தொன்பது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் போன் கூடத்தான் ஒரு வாரமாக இடமில்லை என்று முனகுகிறது, நீங்களும் "யார்தான் இந்தக் காலை வணக்கப் பூவெல்லாம் அனுப்பறாங்களோ!" என்று உறவுக்காரர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு தடவை பெருசிலிருந்து வரிசையாகக் காட்டச் சொல்லுங்களேன். பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.