சிவப்புக் கொடி தீனதயாளன்

வேலை செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், செய்யாதவர்களையும் பார்த்திருப்பீர்கள். எந்த வேலையை முதலில் செய்வது என்று முடிவுகட்டுவதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. ஊரப்பாக்கத்தில் அந்த இனத்துக்குப் பிரதிநிதி தீனதயாளன்.

அவர் கைப்பேசியில் ஒரு செயலி. பால் வாங்குவது முதல் பல் பிடுங்குவது வரை எல்லாம் அதில் ஏறிவிடும். வேலையைத் தட்டி, பக்கத்தில் ஒன்று என்று போட்டால் சிவப்புக் கொடி, இரண்டென்றால் மஞ்சள், மூன்றென்றால் நீலம். “ரெண்டே செகண்டு!” என்று மின்சார ரயிலில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் செய்து காட்டுவார். கொடி ஏற இரண்டு செகண்டு. வேலை நடக்க? அதை யார் கேட்டார்கள்!

அன்று அவர் மனைவி சுஜாதாவுக்குச் செங்கல்பட்டில் அரசுத் தேர்வு. வயது வரம்புப்படி அதுதான் கடைசி வாய்ப்பு. ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். ஏழரைக்கே அவள் ஹால் டிக்கெட்டோடு வாசலில் நின்றாள்.

“இன்னாங்க, கெளம்பலாமா?”

“இரு, இன்னிக்கு லிஸ்ட்ட ஒழுங்கு பண்ணிகினு கீறேன்.”

லிஸ்ட் ஒழுங்கானபோது மணி எட்டேகால். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் பைக் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

“பெட்ரோல் போட்டீங்களா?”

“போட்டேனே.”

“எங்க?”

“லிஸ்ட்ல. நாலு நாளா சிவப்புக் கொடி!”

“யோவ்! கொடிய டேங்க்ல ஊத்தியா வண்டி ஓட்டுவ?”

அவள் பைக்கிலிருந்து இறங்கினாள். வந்த ஷேர் ஆட்டோவை நடுரோட்டில் மறித்து, டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு போனாள். தேர்வு மையத்தில் காவலாளி கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார். எஞ்சிய இடைவெளியில் உடம்பை நுழைத்தாள். உட்கார்ந்து எழுதினாள், நன்றாகவே எழுதினாள்.

சாயங்காலம் வீடு திரும்பியவளிடம் தீனதயாளன் பெருமையாகக் கைப்பேசியை நீட்டினார். ‘சுஜாதாவைத் தேர்வுக்கு அழைத்துச் செல்லுதல்: முடிந்தது.’

“நா முட்டி தேய தொங்கிகினு போனேன். நீ டிக் போட்டுகினியா?”

“வேல முடிஞ்சிச்சா இல்லியா?”

அவள் உள்ளே போய்த் தனக்கு மட்டும் காபி போட்டுக்கொண்டாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அது சரி, காலையில் ‘மிக அவசரம்’ என்று எதையோ குறித்து வைத்துவிட்டுத்தானே இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள்?