இங்கே கொஞ்சம் நிறுத்தவும்

என் கணவர் ஹெக்டர் ஒரு திங்கட்கிழமை காலை, பல் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, இலக்கியவாதியாவது என்று முடிவெடுத்தார். வாய் நிறைய நுரை. அதனால் அறிவிப்பை இரண்டு தரம் செய்ய வேண்டியிருந்தது.

"கிறிஸ்டின், நான் இனி நூல் அறிமுகவுரை செய்யப்போறன்."

"ஆருக்கு?"

"சபைக்கு."

"எந்த நூலை?"

"அது அவங்கள் தருவாங்கள்."

விஷயம் இதுதான். முதல்நாள் பின்னேரம் துறைமுகத்தடி மண்டபத்தில் வாசகர் வட்டக் கூட்டம். கூட வேலை செய்கிறவரை மோட்டார் சைக்கிளில் இறக்கிவிடப் போனவர், தேத்தண்ணியோடு தின்ன றோல்ஸ் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டுக் கடைசி வரிசையில் இருந்திருக்கிறார். நன்றியுரையின் நடுவில் கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது. நன்றி சொன்னவரின் குரல் முதல் வரிசையையே எட்டவில்லை. இவர் பின்னால் நின்று, அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாராம். ஹெக்டருக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. என்ஜினுக்கு மேலால் கத்திக் கத்திப் பழகிய குரல். அவர் நன்றி சொன்னால் ஊர் தாண்டி உப்புவெளியிலும் ஆராவது 'பரவாயில்லை' என்பார்கள்.

வட்டத்தின் செயலாளர் லாபிர் சேர் ஓடிவந்து கையைப் பிடித்திருக்கிறார். "தம்பி, என்ன குரல்! வாற மாசம் ஒரு கவிதைத் தொகுதி அறிமுகம். நீங்க பேசுவீங்களா?"

இவர் ஓம் என்றுவிட்டார். ஏன் சொல்லமாட்டார்? பேசுகிறவருக்குப் பொன்னாடை. மின்விசிறிக்கு நேர் கீழே கதிரை. அழைப்பிதழில் பெயர். றோல்ஸ் இரண்டு. புத்தகம் இலவசம்.

"நீங்க கடைசியா வாசிச்ச புத்தகம் எது?" என்று கேட்டேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு யோசித்தார். "லைசென்ஸ் எடுக்கேக்க ஒண்டு வாசிச்சனான். அதுவும் முழுக்க இல்லை."

"பிறகு எப்பிடி?"

"நீ வாசி. நீ எழுது. நான் குரல்."

இந்த இடத்தில் நான் சண்டை பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. 'புத்தகம் இலவசம்' என்ற இரண்டு சொல் என் வாயை அடைத்துவிட்டது.

நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு புத்தகம் தருவார்கள். திங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும். இடையில் வந்த சனி, ஞாயிறுகளில் நான் சாப்பிட்டேனா என்றே ஞாபகமில்லை. ஆனால் மேடை என்றால் கால் நடுங்கும். எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்கு ஏற்றிவிட்டார்கள். ஏறினேன். சபையைப் பார்த்தேன். சிலுவை அடையாளம் போட்டேன். இறங்கிவிட்டேன். மூன்றாம் பரிசு கிடைத்தது. போட்டியில் மூன்று பேர்தான்.

புத்தகம் வரத் தொடங்கிய நாட்களில் மேடை மட்டுமில்லை, எல்லாமே பயம். மகன் ஜக்சனுக்கு ஏழு மாதம். பல்லி விழுந்துவிடுமோ என்று பயம். மின்விசிறி கழன்றுவிடுமோ என்று பயம். பிள்ளை அழுதால் பயம். அழாவிட்டால் அதைவிடப் பயம். இரவில் அரைமணிக்கொரு தரம், சேலையில் கட்டிய ஏணைக்குள் கையை விட்டு, அவன் மூக்கடியில் விரல் வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். மூச்சு வரும். அதோடு விழிப்பும் வரும். பிறகு ஏணையை ஆட்டி ஆட்டி அவனை நித்திரையாக்குவேன். நித்திரையானதும் மறுபடி மூக்கடியில் விரல். பிள்ளை பிறந்த பிறகு நான் ஒரு முழு இரவு படுத்திருக்கவில்லை.

ஹெக்டரோ என்ஜினுக்குப் பக்கத்தில் கண்ணயர்ந்து பழகியவர். சத்தம் கேட்டால் நித்திரை கொள்வார். சத்தம் நின்றால்தான் எழும்புவார். அவரை எழுப்ப ஒரே வழி மின்விசிறியை நிறுத்துவது. "கரண்ட் போயிட்டுதா?" என்று எழும்பி, பதில் வருமுன் படுத்துவிடுவார்.

"ஒரு இரவு, ஒரே ஒரு இரவு, நீங்க முழிச்சிருந்து பிள்ளையைப் பாருங்கோவன்."

"ஏலாதப்பா. விடியக் கப்பல் இழுக்க வேணும்."

"நானும்தானே இரவிரவா இழுக்கிறன்?"

"நீ ஏணையைத்தானே இழுக்கிறாய்."

இப்படியான வீட்டுக்குத்தான் முதல் புத்தகம் வந்தது. கிண்ணியாவில் நேர்ஸாக இருக்கும் ஒருவர் இரவுக் கடமையில் எழுதிய கவிதைகள். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் வைத்த ஈரத்துணி காய்வதைப் பற்றி எட்டு வரி. எட்டே வரியில் ஒரு வார்ட்டு முழுவதையும் விழிக்க வைத்திருந்தார். ஏணைக் கயிற்றைப் பிடித்தபடி வாசித்து அழுதேன். பிள்ளை நித்திரையான நேரமாகப் பார்த்து நான்கு பக்கம் எழுதினேன்.

"ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ" என்று நீட்டினேன்.

"சும்மா இரு. முதலே வாசிச்சா உணர்ச்சி போயிடும்."

போய்ப் பேசினார். அந்த ஈரத்துணிக் கவிதைக்குப் பிறகு நான் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதையும் உரத்து வாசித்தார்.

"இங்கே கொஞ்சம் நிறுத்தவும்."

மண்டபம் நின்றது. ஒரு நிமிஷம் ஒருவரும் அசையவில்லையாம். லாபிர் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "கவிதை, ஓடிக்கொண்டே இருக்கிற நம்மட வாழ்க்கையைப் பார்த்து, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுது எண்டார் ஹெக்டர். இதுக்கு மேல என்ன விமர்சனம் வேணும்?" என்று முடிவுரையில் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்தவரிடம் பொன்னாடையை வாங்கி மடித்து வைத்தேன். ஒன்றை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன். இந்த மனிதர் தாளில் இருப்பது எதுவானாலும் வாசிப்பார்.

அடுத்த மாதம் சமையல். மூதூர்ப் பெண்கள் பதினொரு பேர் சேர்ந்து எழுதிய மீன் சமையல் புத்தகம். அளவெல்லாம் கையளவு. 'மாமி பார்க்காவிட்டால் இன்னும் ஒரு கரண்டி தேங்காய்ப்பால்' என்று ஒரு குறிப்பு. சமையல் புத்தகம் வாசித்து நான் சிரித்தது அதுதான் முதல் தரம். சூடை மீனுக்கு அவர்கள் சொன்ன பக்குவத்தில் புளி விட்டுப் பார்த்தேன். ஹெக்டர் சட்டியை வழித்தார். அந்த உரையில் மட்டும் அவருடைய உணர்ச்சி முழுக்க உண்மை.

மூன்றாவது, கப்பல்துறையில் தபால்காரராக இருந்தவர் எழுதிய மர்ம நாவல். கொலை முதலாம் பக்கத்தில். கொலைகாரன் கடைசிக்கு முந்தின பக்கத்தில். நடுவில் இருநூறு பக்கமும் அவன் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்து தேத்தண்ணி குடிக்கிறான், எங்களுக்குத்தான் தெரியாது. இப்படி எழுதுகிறவர் இவ்வளவு காலம் கடிதம் சுமந்தாரே என்று ஆச்சரியப்பட்டேன். உரையில் கொலைகாரன் பெயரை எழுதவில்லை.

"கொலைகாரன் யார் என்று எனக்குத் தெரியாது!" என்று மேடையில் ஹெக்டர் முழங்கினார். என்ன கண்ணியம், வாசகனுக்கு விட்டுவைத்தாரே என்று சபை கைதட்டியது. வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் வந்து நின்றார்.

"இஞ்சேர், ஆரப்பா கொலைகாரன்?"

"வாசியுங்கோ."

"நீயே சொல்லன்."

"இரவு ஒரு மணிக்கு எழும்பிப் பிள்ளையைப் பாருங்கோ, சொல்றன்."

கொஞ்சம் யோசித்தார். "தெரியாமலே இருக்கட்டும்."

நான்காவது புத்தகம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. பிள்ளை வைத்தியர் ஒருவர் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல். அம்மா, மாமி, தெருவில் போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் 'பயப்படாதே' என்றுதான் சொன்னார்கள். இவர் ஒரு இடத்திலும் அதைச் சொல்லவில்லை. 'பயம் வரும். வந்தால் பக்கத்தில் இருக்கிறவரை எழுப்புங்கள்' என்று ஓர் அத்தியாயமே எழுதியிருந்தார். அந்த அத்தியாயத்தை மூன்று தரம் வாசித்தேன். பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்தேன். குறட்டை.

அடுத்தநாள் வேலியடியில் பக்கத்து வீட்டு மைமூனா ராத்தாவிடம் கேட்டேன். "எழுப்பினா எழும்பாத ஆளை என்ன செய்யிறது ராத்தா?"

"எங்கயும் முழிச்சி இருக்கிறதில்லையா அவர்?"

"மேடையில மட்டும் முழிப்பு."

"அப்ப மேடையில வெச்சி எழுப்பு புள்ள."

அன்றிரவு எழுதினேன்.

கூட்டத்துக்கு என்னையும் வரச்சொன்னார் ஹெக்டர். "பிள்ளை வளர்ப்புப் புத்தகம். மனுசியும் பிள்ளையும் முன்வரிசையில இருந்தாத்தான் எடுப்பு." சனக்கூட்டம், தடிமன், இருமல் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டு, ஜக்சனுக்குத் தொப்பி போட்டு, ஓட்டோவில் போனேன். மைமூனா ராத்தா பக்கத்தில் இருந்தார்.

ஹெக்டர் எழும்பினார். மைக்கைத் தள்ளி வைத்தார். முதல் மூன்று பக்கமும் தேன். வைத்தியரின் எளிமை, உவமை, இரக்கம் எல்லாம் குரலில் பெருகி ஓடியது. எழுதினது நான்தான், ஆனாலும் எனக்கே மெய் சிலிர்த்தது. நான்காம் பக்கத்தைப் புரட்டினார்.

"இந்த நூலை வாசித்து முடித்த இரவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன்! இன்று தொடக்கம், ஞாயிறு, செவ்வாய், வியாழன் ஆகிய மூன்று இரவுகளிலும், பத்து மணியிலிருந்து விடிய நான்கு மணி வரை, என் மகன்..."

அங்கே குரல் தேய்ந்தது. கண் கீழ்வரிக்குப் போய்விட்டது. ஆனால் இழுவைப் படகு வேகமெடுத்தால் நினைத்த இடத்தில் நிற்காது. பாதி வசனம் வெளியே வந்தாயிற்று. என்னைப் பார்த்தார். நான் ஜக்சனின் தொப்பியைச் சரிசெய்தேன். தாளைத் திருப்பிப் பார்த்தார். தப்ப வழி தேடினார். பழைய ஆயுதம் ஒன்று கையில் பட்டது.

"இங்கே கொஞ்சம் நிறுத்தவும்!" என்றார்.

சத்தியமாக அதை நான் எழுதவில்லை.

சபை அந்த வசனத்தை மறந்திருக்கவில்லை. மண்டபம் அதிரக் கைதட்டல். லாபிர் சேர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "நிறுத்தாதீங்க தம்பி! சொல்லுங்க! மகன்?"

"மகன்..." என்றார் ஹெக்டர்.

"மகன்?" என்றது முன்வரிசை முழுவதும். மைமூனா ராத்தாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

"மகன் என் பொறுப்பு. அந்த இரவுகளில் என் மனைவி நித்திரை கொள்வார். இதற்கு இந்தச் சபையே சாட்சி." இந்த ஒரு வரிக்கு மட்டும் மைக் தேவைப்பட்டது.

பெண்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். அன்று அவருக்குப் பொன்னாடை இரண்டு.

ஓட்டோவில் வரும்போது, "நீ என்னைச் சபையில வச்சு மடக்கிப்போட்டாய்" என்றார்.

"முதலே வாசிச்சா உணர்ச்சி போயிடும் எண்டது ஆர்?"

அன்று ஞாயிறு. பத்து மணிக்குப் படுத்தேன். கண்ணைத் திறந்தால் நிலம் வெளித்து விடியத் தொடங்கியிருந்தது. ஏணையடிக்கு ஓடினேன். அங்கே ஹெக்டர், சிவந்த கண்ணோடு, ஜக்சனின் மூக்கடியில் விரல் வைத்தபடி நின்றார்.

"மூச்சு வருது" என்று கிசுகிசுத்தார். அந்தக் குரலுக்குக் கிசுகிசுக்கவும் தெரியும் என்று அன்றுதான் கண்டேன். "பதினாலு தரம் பார்த்தனான். நீ எப்பிடியப்பா இவ்வளவு நாளும் தனியா...?"

விடிந்ததும் வேலிக்கு மேலால் மைமூனா ராத்தா: "ஹெக்டர் தம்பி, முழிச்சி இருந்தீங்களா?" இறங்குதுறையில் கேட்டார்கள். மீன் சந்தையில் கேட்டார்கள். கோயில் வாசலில் பாதரும் கேட்டார். தப்ப வழியில்லை. விழித்திருப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று அந்த மர்ம நாவலைக் கையில் எடுத்தார். மூன்றாம் இரவு விடியப்புறம் என்னைத் தட்டி எழுப்பினார். "அடியேய், அந்தத் தேத்தண்ணி குடிச்சவன்!"

பிறகு கவிதைத் தொகுதியை எடுத்தார். ஈரத்துணிக் கவிதைக்கு வந்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு ஜக்சனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"உண்மையாவே இங்க கொஞ்சம் நிறுத்தத்தான் வேணும்" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரே திட்டத்தில் நித்திரையும் கிடைத்தது, வாசிக்கிற புருஷனும் கிடைத்தார். கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டு திரிந்தேன். போன வாரம் வாட்ஸ்அப்பில் அடுத்த கூட்டத்தின் அழைப்பிதழ் வந்தது.

நூல் அறிமுகவுரை: திருமதி கிறிஸ்டின் ஹெக்டர்.

"என்னப்பா இது!"

"லாபிர் சேரிட்ட உண்மையைச் சொல்லிப்போட்டன். இவ்வளவும் எழுதினது நீ எண்டு. வாசிச்சாப் பிறகுதான் எனக்கு விளங்கினது, மேடையில இருக்க வேண்டிய ஆள் நான் இல்லை."

"எனக்கு ஏலாது! எனக்குக் கால் நடுங்கும்!"

"பயம் வரும். வந்தா என்னை எழுப்பு" என்றார். வைத்தியரின் வரியை, நான் எழுதிய உரையிலிருந்தே எடுத்து அடித்தார். "இரவு என்ர பொறுப்பு. மேடை உன்ர பொறுப்பு. சபைக்கும் சொல்லியாச்சு."

புத்தகம் என்ன என்று பார்த்தேன். கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்சவீட்டில் வேலை செய்த ஒருவர் தொகுத்த பேய்க்கதைகள். அருமையான புத்தகம், அதையும் சொல்லத்தான் வேண்டும். கதைக்கு மூன்று பக்கம்தான். பேய் வராது. வரப்போகிறது என்று மட்டும் தெரியும். அதோடு கதை முடிந்துவிடும். மிச்சத்தை நாங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்று வியாழன், இரவு ஒரு மணி. உரை எழுதத்தான் இருந்தேன். ஐந்தாம் கதையைப் புரட்டப் பயந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜக்சன் ஏணையில் நல்ல நித்திரை. ஹெக்டர் அவனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, புதிதாக ஒரு மர்ம நாவலோடு கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார்.

"இஞ்சருங்கோ, எனக்குத் தண்ணி விடாய்க்குது."

"குசினியில இருக்குத்தானே."

"குசினி இருட்டு."

புத்தகத்தை மூடினார். ஏணைக்குள் இருந்து ஜக்சனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "ரெண்டு ஆம்பிளையள் காணுமா துணைக்கு?"

சபை சாட்சியாக நான் வாங்கிய இரவுக் காவல், இப்போது எனக்குத்தான் நிற்கிறது.