இருபத்தோராவது சொறி

தமிழில் மன்னிப்புக் கேட்பதில்லை என்பது என் கொள்கை. ஆங்கிலத்தில் எத்தனை 'சொறி' வேண்டுமானாலும் சொல்வேன். முப்பது வருஷம் ஒரு கப்பல் கொம்பனியில் கடிதம் எழுதும் கிளாக்காக இருந்தவன் நான். பிந்தி வந்த கப்பல், நனைந்த மா மூட்டை, காணாமற்போன பெட்டி, எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்திருக்கிறேன். ஒன்றுக்காவது வருந்தியது கிடையாது.

வினை மனைவி சரோஜினிதேவி லண்டன் போன அன்று தொடங்கியது. மகள் மயூரியோடு மூன்று மாதம் இருந்து வருவதாக ஏற்பாடு. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் நாலு மாடிப் பிளற்ஸ் வாசலில் வான் காத்து நிற்கிறது.

"நானில்லாமல் என்னப்பா செய்வியள்?" என்றாள்.

"மூண்டு மாசம் வீடு அமைதியா இருக்கும்" என்றேன். வான் ட்ரைவர் சிரித்துவிட்டான். அதுதான் பிழை. அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டாள்.

வீடு சொன்னபடியே அமைதியாக இருந்தது. முதல் கிழமை இனித்தது. இரண்டாம் கிழமை கடற்கரை ரயிலின் சத்தம் பெரிதாகக் கேட்கத் தொடங்கியது. மூன்றாம் கிழமை இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிவிட்டு, இரண்டையும் நானே குடித்தேன். அவளும் தினமும் கோல் எடுத்தாள், பிறஷர் குளிசை போட்டாச்சோ என்று கேட்டாள், வைத்தாள். ஏச்சு இல்லை, பேச்சு இல்லை. என்னை ஏசாத சரோவை எனக்குப் பழக்கமில்லை.

எங்கள் வீடுகளில் மன்னிப்புக்கு ஒரு வழி உண்டு. சண்டை பிடித்தவர் கொஞ்ச நேரம் கழித்து "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பார். மற்றவர் "இல்லை" என்றால் சமாதானம்.

கேட்டேன். "ஓம்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மயூரி இடையில் புகுந்தாள். "விசா ஆறு மாசத்துக்கு இருக்குத்தானே அப்பா. அம்மா இருந்திட்டு வரட்டுமே."

ஆறு மாதமா! உடனே ஆங்கிலத்தில் இறங்கினேன். வட்ஸ்அப்பில் பூவோடு சொறி, பூனைக்குட்டியோடு சொறி. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அடுத்த நாள் வாயாலேயே சொன்னேன்.

"சரோ, ஐ ஆம் வெரி சொறி."

"எதுக்கு?"

"அண்டைக்குச் சொன்னதுக்கு."

"இஞ்சை சொறிக்கு மதிப்பில்லையப்பா. நேற்று பஸ்ஸிலை ஒரு வெள்ளைக்காரன்ரை காலை நல்லா மிதிச்சுப்போட்டன். அவன்தான் சொறி சொன்னவன். வழியிலை நிண்டால் சொறி, வழி விட்டாலும் சொறி, நான் கதைக்கிறது விளங்காட்டிலும் சொறி. விடிஞ்சதிலையிருந்து இருவது கேட்டிட்டன். உங்கடை இருவத்தோராவது."

வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு றேமண்டிடம் போய் முறையிட்டேன். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர், அனுபவசாலி.

"தமிழிலை சொல்லிப் பாருங்கோ அண்ணே."

"தமிழிலை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நீர் உம்மடை மனிசிக்குச் சொல்லுவீரோ?"

"நாங்கள் கோயிலுக்குப் போய் பாதரிட்டைச் சொல்லிப்போட்டு வந்திடுவம். மனிசியிட்டைச் சொல்லுறதைவிட அது லேசு."

எனக்கு அந்த வசதியும் இல்லை. இரண்டு கிழமை இழுத்தடித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அவளுடைய தலையணைக்கு உறை மாற்றப் போனேன். கையில் எடுத்தவன் மாற்றாமல் அப்படியே வைத்துவிட்டேன். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான். கொள்கையாவது மண்ணாவது! பல்கணியில் நின்று கோல் எடுத்தேன்.

"சரோ, என்னை மன்னிச்சுக்கொள்ளும். வீடு அமைதியா இருக்குமெண்டு சொன்னனான். அமைதியாத்தான் கிடக்கு. என்னாலை ஏலாமல் இருக்கு. கெதியா வாருமப்பா."

அழுகிறாளோ என்று காதைக் கூர்மையாக்கினேன். போனுக்குள் தெருத் தெருவாகப் பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. லண்டனிலும் பாண் ஓட்டோ ஓடுகிறதோ என்று யோசித்தேன். அதே பாட்டு மற்றக் காதிலும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கீழே றோட்டில் பாண் ஓட்டோ. அதன் பக்கத்தில் இரண்டு சூட்கேஸ். இரண்டுக்கும் நடுவில், போனைக் காதில் வைத்தபடி சரோ.

நாலு மாடியும் செருப்பில்லாமல் இறங்கினேன்.

"எப்ப வந்தனீர்?"

"வியாழக்கிழமை. அங்கத்தைக் குளிர் ஒத்துவராமல் நேரத்தோடை வந்திட்டன். நுகேகொடையிலை தங்கச்சி பாலேஸ்வரி வீட்டை நிண்டனான்."

"மூண்டு நாளா! எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உங்கடை வாயாலை அந்தச் சொல்லு வராமல் படியேறுறேல்லை எண்டு இருந்தனான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவளும் துடைத்துக்கொண்டாள். பிறகு பெரிய சூட்கேஸை என் பக்கம் தள்ளினாள்.

"ஆனால் மூண்டு நாளைக்கு மேலை எனக்கும் ஏலாமல் போச்சு. சொல்லாட்டிலும் பறவாயில்லை, மேலை ஏறுவம் எண்டு காலைத் தூக்கினனான். அப்பத்தான் நீங்கள் கோல் எடுத்தியள்."